மீன்கள் குவியும் ஏப்ரலில் தூண்டில் போடத் தடை ஏன்? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நடப்பது என்ன?

வருஷத்துலயே பெரிய மீன்கள் ஆற்றுக்கு வரும் மாதம் ஏப்ரல். ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டும் தாய் மீன்கள்கூட கடலிலிருந்து நீந்தி வந்து சேர்கின்றன. படகு ரெடி, தூண்டில் ரெடி. ஆனால் அந்த மீனைக் குறிவைத்து தூண்டில் போட்டாலே குற்றம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2024, 2025 ஆகிய இரண்டு வசந்த காலங்களிலும் இதுதான் நிலைமை.

மீன் இல்லாத காலத்தில் தடை போட்டால் யாரும் கவலைப்படப் போவதில்லை. மீன் கொட்டிக் கிடக்கும்போது ஏன் தடை? விரிவாகப் பார்க்கலாம்.

செசபீக் விரிகுடா எங்கே இருக்கிறது?

2024 மார்ச் 26-ம் தேதி நினைவிருக்கிறதா? பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மோதி, ஒரு பெரிய பாலம் சரிந்து விழுந்தது. ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் நம்ம ஊர் செய்திகளிலும் பல நாள் ஓடியது. அந்தப் பாலம் இருந்தது படாப்ஸ்கோ ஆற்றின் மேல். அந்த ஆறு வந்து சேரும் இடம்தான் செசபீக் விரிகுடா.

அமெரிக்காவின் மிகப்பெரிய கழிமுகம் இது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த நீர்ப்பரப்பின் நீளம் சுமார் 320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்குப் பாதி மேரிலாந்து, தெற்குப் பாதி வர்ஜீனியா. தெற்கு முனையில் அட்லாண்டிக் கடலோடு இணைகிறது.

சஸ்குவெஹானா, போடோமாக், ராப்பஹானக், யார்க், ஜேம்ஸ், சாப்டாங்க், நான்டிகோக் என்று பல ஆறுகள் இதில் கலக்கின்றன. விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் சுமார் பாதியை சஸ்குவெஹானா ஆறு மட்டுமே கொண்டு வருகிறது. இந்த ஆறுகளின் மொத்த நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டையே விடப் பெரிய பரப்பு.

பரப்பு பெரிசுதான், ஆழம் அப்படி இல்லை. சராசரி ஆழம் 6.4 மீட்டர், அதாவது இரண்டு மாடி வீட்டு உயரம். ஆழம் குறைவு என்பதால் வெயில் அடித்தால் சீக்கிரம் சூடாகும், குளிர்காற்று வீசினால் சீக்கிரம் குளிரும். மீனின் வாழ்வும் தூண்டில்காரரின் அதிர்ஷ்டமும் இதைப் பொறுத்தே மாறுகின்றன.

எந்த மீனுக்காக இவ்வளவு பரபரப்பு?

ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில், தலையிலிருந்து வால் வரை கருப்புக் கோடுகள் வரிவரியாக ஓடும். செசபீக் மக்கள் செல்லமாக 'ராக்ஃபிஷ்' என்கிறார்கள். மேரிலாந்தின் மாநில மீனும் இதுதான்.

இந்த மீன் வளர்வது கடலில், முட்டையிடுவது ஆற்றில். நம்ம கொடுவா மீனுக்கு நேர் எதிர். கொடுவா நன்னீரிலும் உவர்நீரிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் போகும். ஸ்ட்ரைப்டு பாஸ் கடலிலிருந்து விரிகுடாவுக்குள் நுழைந்து, உப்பு அறவே குறைந்த ஆற்றுப் பகுதிக்கு ஏறும். முட்டையிட்ட பிறகு பெரிய மீன்கள் மறுபடி கடலுக்குப் போய், கோடையில் வடக்கே நியூ இங்கிலாந்து கரை வரை செல்கின்றன.

அமெரிக்க அட்லாண்டிக் கரையோரம் திரியும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்களில் 70 முதல் 90 சதவீதம் வரை செசபீக் ஆறுகளில் பிறந்தவை என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அதனால் சாப்டாங்க் ஆற்றில் ஏப்ரல் மாதம் நடப்பது, சில ஆண்டுகள் கழித்து மாசசூசெட்ஸ் கரையில் நிற்பவரின் தூண்டிலில் தெரியும்.

வசந்தத்தில் ஆற்றுக்குள் என்ன நடக்கிறது?

மூன்று விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும்.

1. வெப்பநிலை: ஆற்று நீர் சுமார் 14 டிகிரி செல்சியஸைத் தொட்டால் முட்டையிடும் காலம் களைகட்டும். 20 டிகிரி வரை இது நடக்கும். ஏப்ரல், மே மாதங்கள்தான் உச்சம். நடுவில் திடீர் குளிர் வந்து நீர் 12 டிகிரிக்குக் கீழே போனால், முட்டைகளும் குஞ்சுகளும் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும்.

2. நீரோட்டம்: இந்த முட்டைகள் செடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொள்ளாது. தண்ணீரில் மிதந்தபடியே சுமார் இரண்டு நாளில் பொரிய வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை மேலே நிற்கும். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து, சேறு மூடி வீணாகிவிடும். ஆற்றின் ஓட்டமும், தினமும் இரண்டு முறை ஏறி வடியும் ஓதமும் சேர்ந்துதான் முட்டைகளைத் தாங்கிப் பிடிக்கின்றன.

3. சாப்பாடு: குஞ்சு பொரிந்த முதல் சில நாட்களுக்கு மஞ்சள் கரு போதும். அது தீர்ந்ததும், தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகள் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டினிச் சாவுதான்.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் இப்போது சிக்கல். குளிர்காலம் நல்ல குளிரோடும் பனியோடும் இருந்து, வசந்தத்தில் ஆற்றில் நீர் நிறைய வந்தால், மிதவை உயிரிகள் பெருகும் நேரமும் குஞ்சுகள் பொரியும் நேரமும் ஒத்துப்போகும். குளிர்காலமே வெதுவெதுப்பாகவும் வறட்சியாகவும் இருந்தால், மிதவை உயிரிகள் முன்கூட்டியே பெருகி முன்கூட்டியே குறைந்துவிடும். குஞ்சு வரும்போது பந்தி முடிந்திருக்கும்.

ஒரு தாய் மீனிடம் முட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாறு கிலோ எடையுள்ள மீன் எட்டு லட்சம் முட்டைகள் வரை இடும். 25 கிலோ மீன் என்றால் 40 லட்சம். அவ்வளவு முட்டையும் ஒரு மோசமான வாரத்தில் காலியாகலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

மேரிலாந்து இயற்கை வளத் துறை 1954 முதல் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. முறை ரொம்ப எளிமையானது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் 22 இடங்களில் 30 மீட்டர் நீளக் கரைவலையை இழுப்பார்கள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் ஒரு இழுப்புக்குச் சராசரியாக எத்தனை வருகின்றன என்று எண்ணுவார்கள். நீண்டகாலச் சராசரி சுமார் 11.

சமீப ஆண்டுகளின் எண்களைப் பாருங்கள்:

• 2011: 34.6
• 2012: 0.9
• 2015: 24.2
• 2018: 14.8
• 2019: 3.4
• 2020: 2.5
• 2021: 3.2
• 2022: 3.6
• 2023: 1.0
• 2024: 2.0
• 2025: 4.0

2011-க்கும் 2012-க்கும் நடுவில் தாய் மீன்கள் காணாமல் போய்விடவில்லை. மாறியது வானிலை. 2012-ல் குளிர்காலம் வெப்பமாகவும், வசந்தம் வறண்டும் இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் இந்த மீனுக்குப் புதிதல்ல. ஒரு மோசமான ஆண்டை அடுத்த நல்ல ஆண்டு ஈடுகட்டிவிடும்.

ஆனால் 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சராசரிக்கும் கீழே. ஈடுகட்ட நல்ல ஆண்டு ஒன்றுகூட வரவில்லை. பயம் இங்குதான்.

பெண் மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடத் தயாராக ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். 2015-ல் பிறந்த பெரிய தலைமுறையின் தாய் மீன்கள்தான் இன்றைய நம்பிக்கை. அவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய வரிசை மெலிந்து கிடக்கிறது. எனவே இன்றைக்கு ஆற்றில் நிற்கும் ஒவ்வொரு பெரிய மீனும், அடுத்த நல்ல வானிலை வரும்வரை காத்திருக்கும் விதைநெல் மாதிரி. வானிலையைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. மனிதன் கட்டுப்படுத்தக்கூடியது தன் தூண்டிலை மட்டும்தான்.

இதற்கு முன்பு இப்படி நடந்ததா?

நடந்தது. 1970-களின் இறுதியில் இந்த மீனின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1985-ல் மேரிலாந்து, பிடிப்பதற்கு முழுத் தடை விதித்தது. விற்பனைக்கும் கிடையாது, வீட்டுக்கும் கிடையாது. 1990 வரை அந்தத் தடை நீடித்தது. 1995-ல் மீன் வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, 1996-ல், கரைவலைக் கணக்கில் 59.4 என்ற எண் வந்தது.

வானிலை கைகொடுத்த ஆண்டில் முட்டையிடப் போதுமான தாய் மீன்கள் ஆற்றில் இருந்தன. தடை செய்த வேலை அதுதான்.

விதிகள் என்ன?

2023 வரை மேரிலாந்தில் மே 1 முதல் 15 வரை 'ட்ரோஃபி சீசன்' இருந்தது. 35 அங்குலத்துக்கு மேற்பட்ட ஒரு மீனை எடுத்துப்போகலாம். பெரிய மீன் என்றால் பெரும்பாலும் முட்டையிட வந்த தாய் மீன். 2024-ல் அவசர விதி மூலம் அந்த சீசன் ரத்தானது.

2024, 2025 ஆண்டுகளில் மேரிலாந்து விதிகள்:

• ஏப்ரல் 1 முதல் மே 15 வரை ஸ்ட்ரைப்டு பாஸைக் குறிவைக்கவே கூடாது. பிடித்து உடனே விடுவதற்கும் அனுமதி இல்லை.
• மே 16 முதல் விரிகுடாவின் பிரதான பகுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மீன்.
• அந்த மீன் 19 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 24 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. அதாவது 48 முதல் 61 சென்டிமீட்டர்.
• ஜூலை 16 முதல் 31 வரை மீண்டும் முழுத் தடை. காரணம், கோடை வெப்பம்.

சின்ன மீன் வளரட்டும், பெரிய மீன் முட்டையிடட்டும், நடுத்தர மீனில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்பதே இந்த அளவு விதியின் கணக்கு.

ஒரு விரிகுடாவுக்கு ஒரே விதிப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். வர்ஜீனியாவுக்குத் தனி விதி. போடோமாக் ஆற்றுக்கென்று தனி ஆணையம். தலைநகர் வாஷிங்டனுக்குத் தனி. தண்ணீரில் கோடு கிடையாது, விதியில் உண்டு. அதோடு சீசன் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் வசிக்கும் தமிழர்கள் வார இறுதியில் தூண்டிலோடு கிளம்புவதற்கு முன், அந்தந்த மாநில மீன்வளத் துறை வெளியிடும் நடப்பாண்டு விதியைப் பார்த்துவிடுவது நல்லது. உரிமம் எடுப்பதும் முக்கியம்.

பிடித்து விட்டுவிட்டால் பிரச்னை இல்லையே?

பலரும் கேட்கும் கேள்வி இது. தூண்டிலில் சிக்கி, திரும்ப விடப்படும் எல்லா மீனும் பிழைப்பதில்லை. அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம், விடப்படும் 100 மீன்களில் 9 செத்துவிடும் என்ற கணக்கையே பயன்படுத்துகிறது. 9 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். கோடிக்கணக்கில் மீன்கள் பிடித்து விடப்படும்போது அது சின்ன எண் அல்ல. அட்லாண்டிக் கரை முழுவதும் பார்த்தால், மனிதர்களால் சாகும் ஸ்ட்ரைப்டு பாஸில் பெரும்பங்கு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களால்தான்.

தண்ணீர் சூடாக இருந்தால் சாவு அதிகம். உப்பு குறைவான இடத்திலும் அதிகம். மீனைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுக்கும் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

இதில் மேரிலாந்துக்குள்ளேயே ஒரு வாதம் ஓடியது. ஏப்ரலில் தண்ணீர் குளுகுளுவென இருக்கும்போது பிடித்து விடுவதை அனுமதித்துவிட்டு, தண்ணீர் கொதிக்கும் ஆகஸ்டில் மூடினால் என்ன என்றது ஒரு தரப்பு. முட்டையிட வந்த மீனைத் தொந்தரவு செய்யவே கூடாது என்றது இன்னொரு தரப்பு. வசந்தத்தில் ஆட்களைப் படகில் ஏற்றிப் போய் மீன் பிடிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட படகோட்டிகளுக்கு, இந்த ஆறு வாரங்கள் நேரடி வருமான இழப்பு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் வசந்தத்தில் எதைப் பிடிக்கலாம்?

தடை ஒரு மீனுக்குத்தான். மற்ற மீன்கள் இருக்கின்றன.

பெர்ச்: குளிர் விடும் முன்பே, பிப்ரவரி கடைசியில் மஞ்சள் பெர்ச் ஓடைகளுக்கு ஏறும். அதைத் தொடர்ந்து வெள்ளை பெர்ச். கரையில் நின்றே பிடிக்கலாம். உள்ளங்கை அளவுதான், ருசி பிரமாதம் என்பார்கள்.

ஷாட்: ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் ஏறும். வங்காளிகள் கொண்டாடும் ஹில்சாவின் தூரத்துச் சொந்தம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் வந்தது. அணைகளும் அளவுக்கு மீறிய பிடிப்பும் அதைச் சரித்தன. அமெரிக்கன் ஷாட் மீனை எடுத்துச்செல்ல மேரிலாந்து 1980-ல் போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. எத்தனை ஆண்டு ஆனாலும் சில மீன்கள் எளிதில் மீள்வதில்லை என்பதற்கு இது எச்சரிக்கை.

நீலக் கெளுத்தி: 1970-களில் வர்ஜீனியா ஆறுகளில் விளையாட்டு மீன்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது விரிகுடா முழுக்கப் பரவி, கண்டதையும் தின்கிறது. மேரிலாந்தின் ஓதம் பாயும் நீரில் இதற்கு அளவு, எண்ணிக்கை கட்டுப்பாடே இல்லை. எவ்வளவு வேணும்னாலும் பிடிக்கலாம்.

விரால்: ஆமாம், நம்ம விராலின் நெருங்கிய உறவு. 'நார்தர்ன் ஸ்நேக்ஹெட்' எனப்படும் கிழக்காசிய விரால், 2002-ல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊரில் ஒரு குளத்தில் தென்பட்டது. மீன் சந்தையில் உயிரோடு வாங்கியதை யாரோ விட்டிருந்தார்கள். அந்தக் குளத்தில் மருந்து ஊற்றி அழித்தார்கள். ஆனால் 2004-ல் போடோமாக் ஆற்றிலேயே இன்னொரு கூட்டம் தென்பட்டது. இப்போது பிடித்தால் உயிரோடு வைத்திருக்கக் கூடாது, கொன்றுவிட வேண்டும். 'பாம்புத் தலை' என்று அர்த்தம் வரும் பெயரைக் கேட்டு மக்கள் சாப்பிடத் தயங்கியதால், 2024-ல் மேரிலாந்து இதற்கு 'செசபீக் சன்னா' என்று சட்டப்படி புதுப் பெயரே வைத்தது. விரால் குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் மாற்றமெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

• ஓத அட்டவணை: விரிகுடா வாயில் நீர்மட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறி இறங்கும். அனாபோலிஸ் பக்கம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஏறும்போதும் வடியும்போதும் மீன் இரை எடுக்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் தூண்டிலும் அசையாது.

• காற்று: வடமேற்குக் காற்று பலமாக வீசினால் விரிகுடா நீரைக் கடல் பக்கம் தள்ளிவிடும். அட்டவணை சொல்வதைவிட நீர்மட்டம் இறங்கி, படகு தரை தட்டலாம். தெற்குக் காற்று அடித்தால் நேர்மாறாக நீர் ஏறும்.

• மழை: மேலே பென்சில்வேனியாவில் பெய்த மழை சஸ்குவெஹானா வழியாக வரும். கோனோவிங்கோ அணையின் மதகுகளைத் திறந்தால் கலங்கல் நீரோடு மரக்கட்டைகளும் மிதந்து வரும். மேல் விரிகுடாவில் படகு ஓட்டுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

• குளிர்நீர்: இதுதான் உயிர் விஷயம். ஏப்ரலில் வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் அப்படி இருக்காது. தவறி விழுந்தால் முதல் சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டி, கை கால் விறைத்துப்போகும். நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவது இதனால்தான். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

• முள்: ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்க இரை கோர்ப்பதானால் வட்டமாக வளைந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தொண்டைக்குள் போகாமல் வாயோரம் மாட்டும் என்பதால், விடப்படும் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊர்த் தடையும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்றுதான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் தொந்தரவு வேண்டாம் என்பதே அதற்கும் அடிப்படை.

வித்தியாசம் ரெண்டு. இங்கே தடை, படகு வகையைப் பார்க்கிறது. அங்கே ஒரு குறிப்பிட்ட மீனையும் அதன் அளவையும் பார்க்கிறது. இங்கே தடை தொழில் மீது. அங்கே, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் மீதும்.

அடுத்து என்ன?

ஸ்ட்ரைப்டு பாஸ் வளத்தை 2029-க்குள் பாதுகாப்பான அளவுக்கு மீட்க வேண்டும் என்பது மாநிலங்களின் கூட்டு ஆணையம் ஏற்றுக்கொண்ட இலக்கு. அதை எட்ட முடியுமா என்பது பெரிய அளவில் மேகத்தின் கையில் இருக்கிறது. நல்ல குளிரும் மழையும் சேர்ந்த ஒரு வசந்தம் வந்தால், ஒரே ஆண்டில் கணக்கு தலைகீழாக மாறலாம்.

அந்த வசந்தம் எந்த ஆண்டு வரும் என்பது யாருக்கும் தெரியாது. எந்த ஆண்டு வந்தாலும், அன்றைக்கு ஆற்றில் முட்டையிடத் தாய் மீன்கள் இருக்க வேண்டும். ஏப்ரல் மாதத் தடை போடப்பட்டது அதற்காகத்தான்.